பாலம் தாண்டி இடப்பக்கம்

டார்சி கெசிங்கரின் தொடையை ரம்பம் கிழித்த அன்று மிஸ்டேக் என்கிற அந்த மலையூரில் ஆளே இல்லை. செப்டம்பர் முதல் நாள். மருந்துக்கு நல்ல விலை போகிற ஜின்செங் வேரைத் தோண்டலாம் என்று அரசாங்கம் அனுமதிக்கிற முதல் நாள் அது. அன்றைக்கு ஊரே மலையேறிவிடும். புருஷன் எந்தச் சரிவில் குனிந்துகொண்டிருக்கிறான் என்று கட்டிய மனைவிக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டாள். வேர் முளைக்கும் இடத்தை மிஸ்டேக்காரன் சாகப்போகும்போதுதான் மகனிடம் சொல்வான், அதுவும் மகன் ஒழுங்காக இருந்தால்.

டார்சி மட்டும் முதல் நாள் போகமாட்டான். "முதல் நாள் போறவன் வேர் தோண்டப் போறதில்ல, அடுத்தவன் எங்க தோண்டுறான்னு பாக்கப் போறான்" என்பான். எல்லாரும் அலுத்துப்போய்த் திரும்பிய பிறகு மெதுவாகக் கிளம்புவது அவன் வழக்கம். அதனால் வீட்டுக்குப் பின்னால் குளிருக்கு விறகு அறுத்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி ஆர்டித் சமையலறையில் பீன்ஸ் ஒடித்துக்கொண்டிருந்தாள். ரம்ப மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. அது ஒன்றும் புதிதில்லை, பழைய மெஷின், அடிக்கடி நிற்கும். நின்றால் டார்சி அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். அன்று திட்டு கேட்கவில்லை. அவள் கை பீன்ஸோடு அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் காத்துப் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

அவன் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் தொடையைப் பிடித்திருந்தான். விரல் இடுக்கெல்லாம் ரத்தம் பொங்கி வந்தது.

"பெருசா ஒண்ணும் இல்ல" என்றான்.

"வாய மூடு" என்றாள் ஆர்டித். வருஷா வருஷம் பன்றி அறுக்கிற வீடு, ரத்தம் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இது எப்படிப்பட்ட ரத்தம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவன் பெல்ட்டை உருவி, காயத்துக்கு மேலே சுற்றி, கீழே கிடந்த ஸ்பேனரைச் செருகி முறுக்கினாள். அவன் கத்தினான். அவள் இன்னும் முறுக்கினாள். பொங்கி வந்தது கசிவாகக் குறைந்தது. ஸ்பேனரை விட்டால் பெல்ட் தளர்ந்தது, மறுபடி பொங்கியது. ஆக, யாராவது ஒருவர் அதைப் பிடித்தே ஆகவேண்டும்.

"நீ பிடிச்சுக்கோ. விட்டா செத்துப்போவ" என்றாள்.

விறகை மூடியிருந்த தார்ப்பாயில் அவனை உருட்டி, பின்வாசல் படிவரை இழுத்து வந்தாள். அவன் அவளைப்போல் இரண்டு மடங்கு. எப்படி இழுத்தாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. லாரியில் ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். அது நடக்கிற காரியமாக இல்லை. சமையலறைப் போனின் ஒயர் படிவரை நீளும். படியில் உட்கார்ந்து, ஸ்பேனரை முழங்காலுக்குக் கீழே கொடுத்து அழுத்திக்கொண்டு, அவசர எண்ணைச் சுழற்றினாள்.

எடுத்தது ஜெனிவா. கோர்ட்டு இருக்கிற ஊரில் உட்கார்ந்து ஜில்லா முழுக்க ஆம்புலன்ஸ் அனுப்புகிறவள். எல்லாரையும் தெரியும்.

"கண்ணு, நல்ல நேரம் உனக்கு. ஒரு வண்டி ஹைவேலயே நிக்குது, கணவாய்க்குப் பக்கத்துல. இப்பவே திருப்பி விடுறேன்." ரேடியோவில் அவள் பேசுவதும் ஓர் இளம் குரல் பதில் சொல்வதும் கேட்டது. பிறகு ஜெனிவா திரும்பி வந்தாள். "கிளம்பிட்டாங்க. நீ அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இரு."

"பர்ல்தானே ஓட்டுறான்?"

"பர்லுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, படுத்திருக்கான். இது சார்ல்ஸ்டன்லேர்ந்து வந்த புள்ளைங்க ரெண்டு. கெட்டிக்காரப் புள்ளைங்க, கவலப்படாத. பாலத்துக்கிட்ட கைகாட்டி இருக்கு, பாத்துத் திரும்புங்கன்னு சொல்லிட்டேன்."

ஆர்டித் டார்சியைப் பார்த்தாள். அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"ஜெனிவா, அவங்களக் கூப்பிடு. கைகாட்டியப் பாக்கவேணாம்னு சொல்லு. பாலம் தாண்டி இடப்பக்கம். இடப்பக்கம்னு சொல்லு!"

ஜெனிவா கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். போனில் ஆர்டித்துக்குக் கேட்டதெல்லாம் வெறும் இரைச்சல். "கணவாய் தாண்டிட்டாங்க போலருக்கு. அந்தப்பக்கம் ரேடியோ எடுக்காதுன்னு உனக்குத் தெரியாதா? ஏன், கைகாட்டிக்கு என்ன?"

ஆர்டித் போனை வைத்துவிட்டாள்.

கைகாட்டிக்கு என்ன என்பது மிஸ்டேக்கில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கணவாயிலிருந்து இறங்கும் தார்ச்சாலை பாலத்தைத் தாண்டியதும் இரண்டாகப் பிரியும், ஓடை பிரிகிற மாதிரியே. இடது மிஸ்டேக். வலது ஸ்லேட் ஃபோர்க். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அந்தக் காலத்தில் பெட்ரி என்பவன் ஸ்லேட் ஃபோர்க்கில் குடியிருந்த தம்பியிடம் போகக் கிளம்பி, மூடுபனியில் இடப்பக்கம் வந்து சாமானை இறக்கிவிட்டான். விஷயம் தெரிந்தபோது பெண்டாட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். மறுபடி மூட்டை கட்டுவதென்றால் நீ மட்டும் போ என்றாளாம். ஊர் அப்படி உண்டானது, பெயரும் அப்படித்தான் நிலைத்தது. கடைசியில் தம்பி பக்கம்தான் நிலக்கரி இருந்தது. கம்பெனிக்காரன் வந்து மலையைச் சுரண்டித் தின்றுவிட்டுப் போனான். இப்போது அங்கே ஒரு குட்டை மட்டும் இருக்கிறது, சாலை அதன் கரையில் முடிகிறது.

ஆகஸ்டு கடைசியில் மிஸ்டேக்காரர்கள், ஊர்ப் பெயர் எழுதிய கைகாட்டியை வலப்பக்கமாகத் திருப்பிவிடுவார்கள். வேர் திருட வெளியூரிலிருந்து வண்டி வண்டியாக வருகிற கூட்டம் குட்டைக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான். ஜில்லா ரோட்டு ஆட்கள் வந்து சரியாகத் திருப்பி வைத்து நட்டை முடுக்குவார்கள். ராத்திரியே யாராவது போய் மறுபடி திருப்புவார்கள். பனி விழும்வரை இந்த விளையாட்டு நடக்கும். வீட்டுக்கு நம்பர் போடுகிற பழக்கமெல்லாம் அந்தப் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை, கைகாட்டிதான் ஒரே விலாசம். ஊர்க்காரன் எவனும் அதைப் படிப்பதில்லை. தபால்காரனும் உள்ளூர், ஆம்புலன்ஸ் பர்லும் உள்ளூர். ஆகவே யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை என்று எல்லாரும் சொல்லிக்கொள்வார்கள். யாருக்குமே என்பது உண்மையில்லை, அதுவும் எல்லாருக்கும் தெரியும்.

இந்த வருஷம் டார்சி ஒரு படி மேலே போனான். வெல்டிங் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், கைகாட்டியை வலப்பக்கம் திருப்பி, தூணோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டான். "இப்ப வரச்சொல்லு ரோட்டுக்காரங்கள" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். ஊர் கொண்டாடியது. லானி ஸ்ப்ரவ்ஸ் சொந்தமாகக் காய்ச்சியதில் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். ஆர்டித்தும் அன்று சிரிக்கத்தான் செய்தாள்.

இப்போது லானியின் நம்பரைச் சுழற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெட்ரி குடும்பத்து மூன்று வீடுகளையும் கூப்பிட்டாள். சர்ச்சைக் கூப்பிட்டாள். எங்கேயும் எடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் மாட்டிய போன் காலி அறையில் அலறுவதை அவளால் பார்க்க முடிந்தது. ஊர் முழுக்க மலையில், மண்ணில் மூக்கை வைத்துக்கொண்டு.

"ஆர்டித்" என்றான் டார்சி. "நீ லாரிய எடுத்துக்கிட்டுப் பாலத்துக்குப் போ. நான் பிடிச்சுக்கிறேன்."

"பிடி பாப்போம்."

அவன் ஸ்பேனரைப் பிடித்தான். அவள் முழங்காலை எடுத்தாள். அவன் விரல்கள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தன. பிறகு தானாகப் பிரிந்தன. அவள் மறுபடி முழங்காலை வைத்தாள். அவன் முகம் மாவுபோல் வெளுத்திருந்தது.

வேர் தோண்டாத ஆள் ஊரில் ஒருவர் உண்டு. அவருடைய வீடுதான் பாலத்துக்குக் கிட்டவும் இருந்தது. அந்தப் பெயர் ஆரம்பத்திலிருந்தே ஆர்டித்தின் மனதில் இருந்தது. அதனால்தான் முதலில் மற்ற எல்லாரையும் கூப்பிட்டாள்.

எமில் டுரெக். கிளீவ்லண்டில் பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி வில்மாவோடு வந்து செத்துப்போன ஹாக்கெட்டின் வீட்டை வாங்கினார். வருஷங்கள் ஓடியும் அது இன்னும் ஹாக்கெட் வீடுதான், அவர் இன்னும் கிளீவ்லண்ட்காரர்தான். கைகாட்டி விஷயத்தை அவரிடம் யாரும் மூச்சுவிட்டதில்லை. வெளியாட்களுக்குச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

குடிவந்த வருஷமே, இலையுதிர் காலத்தில், வில்மா படுத்துவிட்டாள். மகள் ஐரீன் கிளீவ்லண்டிலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். வில்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்து, பார்த்தபடியே போய்விட்டாள். ஐரீன் மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தாள், முழங்கால்வரை சேறு, செருப்பில்லாமல். குட்டைக் கரையில் கார் புதைந்துவிட்டதாம்.

சாவு வீட்டில் சாப்பாட்டோடு ஊர்ப் பெண்கள் கூடியிருந்தார்கள். "கைகாட்டி அந்தப் பக்கம்தான் காட்டிச்சுப்பா" என்றாள் ஐரீன். எமில் அவளைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனார். கைகாட்டி இடப்பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. திரும்பி வந்து, எல்லார் முன்னாலும், "வர மனசிருந்தவளுக்கு வழி தப்பாது. இதுல பொய் வேறயா?" என்றார். அந்தப் பெண் அப்பாவையும் கைகாட்டி இருக்கும் திசையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆர்டித் தரையைப் பார்த்தாள். எல்லாப் பெண்களும் தரையைத்தான் பார்த்தார்கள். ஐரீன் அடக்கம் முடிந்ததும் போனாள், பிறகு வரவில்லை.

வில்மா போய்விட்டாள், மகள் இன்னும் வந்து சேரவில்லை என்று காதில் விழுந்த உடனே, விடிவதற்கு முன்னால் போய்க் கைகாட்டியைச் சரியாகத் திருப்பி வைத்தது டார்சி.

"கிளீவ்லண்ட்காரர் வீட்ல இருப்பார்" என்றாள் ஆர்டித்.

டார்சி கண்ணைத் திறந்தான். "வேணாம்."

"வேற யார் இருக்கா?"

"அப்ப ஒண்ணும் சொல்லாத. காத்துல சாஞ்சிருச்சுன்னு சொல்லு. போய் நிக்கச் சொல்லு, அது போதும்."

முதல் மணியிலேயே எடுத்தார். "டுரெக்."

"மிஸ்டர் டுரெக், நான் ஆர்டித். ஆர்டித் கெசிங்கர். டார்சிக்கு ரம்பம் பட்டுருச்சு, ரத்தம் நிக்கல. ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு, ஓட்டுறவங்களுக்கு வழி தெரியாது. நீங்க உடனே பாலத்துக்குப் போய் நிக்கணும். அவங்கள இந்தப்பக்கம் திருப்பி விடணும்."

"அங்கதான் கைகாட்டி இருக்கே அம்மா."

"அது தப்பாக் காட்டுது."

"தப்பாவா? சரி, போய்த் திருப்பி வச்சிர்றேன். ஒரு ஸ்பேனர் இருந்தா—"

"திருப்ப முடியாது!" என்று கத்தினாள். "அதுல நேரத்த விடாதீங்க. வெல்டு வச்சிருக்கு. நீங்க ரோட்ல நில்லுங்க, அதான் வேணும்."

ஆயுசு முழுக்க இரும்போடு வேலை பார்த்த மனிதர்.

"வெல்டு தானா வராதே, மிசஸ் கெசிங்கர். யாரு வச்சது?"

டார்சி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் முழங்காலுக்குக் கீழே ஸ்பேனர் வழுக்கியது. கையால் பிடித்து இழுத்துச் சரிசெய்தாள். ரிசீவரிலெல்லாம் ரத்தம்.

"டார்சி வச்சான். வேர் திருடறவங்க வராம இருக்க. நீங்க போங்க, தயவுசெஞ்சு."

"இந்த வருஷமா?"

"வெல்டு இந்த வருஷம்."

"திருப்பறது?"

பொய் சொல்ல எவ்வளவோ வசதியான இடம் அது. ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர் குரலிலேயே பதில் இருந்தது, அவர் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். பொய் சொன்னால் வைத்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னாலும் வைத்துவிடுவார்.

"எல்லா வருஷமும்" என்றாள்.

"வில்மா போன வருஷமும்."

"ஆமா."

"நான் போய்ப் பாத்தேனே. என் கண்ணால பாத்தேன். சரியாத்தான் காட்டிச்சு."

"விடியறதுக்கு முன்னாடி திருப்பி வச்சிட்டாங்க."

"யாரு?"

டார்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"டார்சி" என்றாள் ஆர்டித்.

மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு டக்கென்று ஒரு சத்தம். போன் வெறுமனே ரீங்கரித்தது. அவள் மறுபடி சுழற்றினாள். அடித்துக்கொண்டே இருந்தது. கிளம்பிவிட்டாரா, உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

"சொல்லிட்டியா" என்றான் டார்சி.

"சொல்லிட்டேன்."

"நானா இருந்தா வரமாட்டேன்."

"தெரியும். பேசாம இரு."

மிஸ்டேக் பள்ளத்தில் மதியத்துக்குப் பிறகு சீக்கிரம் நிழல் இறங்கிவிடும். படியில் வெயில் விளிம்பு விலகிக்கொண்டே போனது. கோழிகள் ரத்தத்தின் பக்கம் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தன. அவள் விரட்டினாள். முழங்கால் மரத்துவிட்டது. மாற்றி வைக்கப் பயமாக இருந்தது. டார்சியோடு பேசிக்கொண்டே இருந்தாள். மெஷினைத் தூக்கிப் போடச் சொன்னேனே என்றாள். இந்தக் காலோடு இனிமேல் எந்த மலை ஏறுவாய் என்றாள். முதலில் அவன் பதில் சொன்னான், பிறகு முனகினான், பிறகு அதுவும் நின்றது. அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள். கண் திறந்தது.

அப்போது சைரன் கேட்டது. தூரத்தில், கணவாய்ப் பக்கம். இறங்கியது. பாலத்தின் பலகைகள் தடதடக்கும் சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது. ஆர்டித் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சைரன் கொஞ்சமும் தயங்கவில்லை. ஒரே சீராக ஊளையிட்டபடி வளைந்து, மலைமுகட்டுக்கு அப்பால் போனது. அப்பால் போகப் போகக் குறைந்தது.

"ஸ்லேட் ஃபோர்க்" என்றான் டார்சி. அவன் உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்தது.

அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது. இவன்மேல், லானிமேல், மலையில் கவிழ்ந்து கிடக்கிற ஊர்மேல், சாவு வீட்டில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற தன்மேல். கடவுளே என்று வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தாள். என்ன முகத்தோடு கேட்பது என்று விட்டுவிட்டாள்.

சைரன் நின்றுபோனது. குட்டைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். டார்சியின் கண்கள் மேலே சொருகின. அவள் எவ்வளவு அறைந்தும் இந்தமுறை திறக்கவில்லை. நெஞ்சில் காது வைத்தாள். ஓடிக்கொண்டிருந்தது, அவசரமாக, மெலிசாக.

பிறகு வேறொரு சத்தம். கார் ஹாரன். விட்டு விட்டு அல்ல, அழுத்தியபடி, இடைவெளியே இல்லாமல். முகட்டுக்கு அப்பாலிருந்து வந்தது, பாலத்தருகே திரும்பியது, நெருங்கியது. அதன் பின்னாலேயே சைரன் மறுபடி உயிர்பெற்று ஊளையிட்டது. எமில் டுரெக்கின் பழைய பச்சைக் கார் வேலியை இடித்துத் தள்ளாத குறையாக முற்றத்துக்குள் நுழைந்தது. நின்ற பிறகும் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் பக்கத்தில் வந்து நின்றதும்தான் எடுத்தார்.

இரண்டு இளைஞர்களும் கெட்டிக்காரர்கள்தான், ஜெனிவா சொன்னது சரி. ஒருவன் அவள் முழங்காலை மெல்ல நகர்த்தி இடத்தைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் டார்சியின் கையில் ஊசி ஏற்றினான். ஆர்டித்துக்கு எழுந்து நிற்க முடியவில்லை. எமில்தான் கைகொடுத்துத் தூக்கினார்.

"வந்தீங்களே" என்றாள்.

"உங்களுக்காக வரல" என்றார். "கொஞ்ச நேரம் உக்காந்துதான் இருந்தேன். அதையும் தெரிஞ்சுக்குங்க. உக்காந்துட்டு, அப்புறம் வந்தேன். அதனாலதான் பிந்திப்போச்சு. நான் ரோட்டுக்கு வரும்போது அவங்க பாலம் தாண்டிட்டாங்க. என் கண் முன்னாடி கைகாட்டியப் பாத்தாங்க, திரும்பினாங்க. வேகத்தக்கூட குறைக்கல அம்மா. அவ்வளவு நம்பிக்கையாத் திரும்பினாங்க."

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

டார்சியை ஏற்றினார்கள். ஆர்டித் ஏறப்போகும்போது எமில் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவள் உள்ளங்கையெல்லாம் ரத்தம், காகிதமும் இல்லை. சட்டைக் கையை மேலே தள்ளி, முன்கையின் சுத்தமான தோலில் ஒரு போன் நம்பரை எழுதினார். கிளீவ்லண்ட் நம்பர்.

"ஐரீன்கிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா சமாதானம் பண்றதுக்குக் கதை கட்டுறேன்னு நினைப்பா. நீங்க சொன்னா நம்புவா."

"சொல்றேன்."

"இன்னிக்கே. நாளைக்குன்னா மனசு மாறிடும். இந்த ஊரு எனக்குத் தெரியும் இப்ப."

வண்டி கிளம்பியது. கைகாட்டியைத் தாண்டும்போது அவள் பார்க்கவில்லை. டார்சியின் முகத்தில் மாட்டிய ஆக்சிஜன் மூடியில் ஆவி படிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது.

ஆஸ்பத்திரியில் அவனை உருட்டிக்கொண்டு போனார்கள், கதவு மூடியது. சாயங்காலம்வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நர்ஸ் வந்து கைகழுவிக்கொள்ளச் சொன்னாள். நம்பர்மேல் தண்ணீர் படாமல் கழுவிக்கொண்டாள்.

டாக்டர் வெளியே வந்தபோது அவள் எழுந்து நின்றாள். ஆள் பிழைத்துவிட்டான், காலை எடுக்கவேண்டியதில்லை, ஆனால் பழைய நடை வராது என்றார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பேச்சே இல்லை என்றும் சொன்னார். ஆர்டித் தலையாட்டினாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, சத்தமில்லாமல் அழுது தீர்த்தாள்.

நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். "கண்ணு முழிச்சிட்டாரு. உங்களத்தான் கேக்குறாரு. வாங்க."

"என்ன சொல்றான்?"

"ஆர்டித் எங்க, யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கான்னு கேக்குறாரு. மருந்து மயக்கம்."

மயக்கம் இல்லை என்று ஆர்டித்துக்குத் தெரியும். உள்ளே போனால் அவன் கையைப் பிடித்துக்கொள்வான். விட்டுரு, நடந்தது நடந்துபோச்சு என்பான். அந்த முகத்தைப் பார்த்தால் தானும் சரி என்றுவிடுவோம் என்றும் அவளுக்குத் தெரியும்.

"இதோ வந்துர்றேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரக் கோடியில் இருந்த போனுக்குப் போனாள்.

முன்கையைப் பார்த்துப் பார்த்து எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் யாரோ தட்டு கழுவும் சத்தம்.

"ஐரீனா? நான் ஆர்டித் கெசிங்கர். மிஸ்டேக்லேர்ந்து பேசறேன்."

தட்டுச் சத்தம் நின்றது. "அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"அப்பா நல்லா இருக்கார். இன்னிக்கு என் புருஷன் உசுர அவர்தான் காப்பாத்தினார். அதுக்காகக் கூப்பிடல. அந்தக் கைகாட்டியப் பத்திச் சொல்லணும்."

சொன்னாள். எதையும் குறைக்காமல் சொன்னாள். திருப்பினது, எதற்காகத் திருப்பினது, விடிவதற்கு முன்னால் யார் போய்ச் சரிசெய்தது, எல்லாம்.

"அன்னிக்கு அப்பாவோட பாலத்துக்குப் போனப்ப" என்றாள் ஐரீன், "அது இடப்பக்கம் காட்டிச்சு. எனக்குத்தான் மூளை கலங்கிப்போச்சுன்னு நினைச்சேன். இத்தன வருஷம் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். வழியில எங்கயோ நின்னு அழுதேனே, வேணும்னே லேட் பண்ணினேனோ, அம்மா முகத்தப் பாக்கப் பயந்து நானே வலப்பக்கம் திரும்பிட்டேனோன்னு."

"இல்லம்மா. நீ சரியாத்தான் வந்த."

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நர்ஸ் கையசைத்துக் கூப்பிட்டாள். ஆர்டித் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அப்பா என்னப் பொய் சொல்றேன்னு சொன்னப்ப, அந்த ரூம் நிறையப் பொம்பளைங்க நின்னாங்க" என்றாள் ஐரீன். "நீங்களும் இருந்தீங்களா?"

ஆர்டித்தின் முகம் அவளுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. அன்று அவள் யார் முகத்தையும் பார்க்கும் நிலையில் இல்லை.

"இருந்தேன்" என்றாள் ஆர்டித்.